டபுளும் மிஸ்ஸும் இல்லாமல் தாள் ஓட: ஆஃப்செட் ஃபீடரை செட் செய்ய முழுமையான வழிகாட்டி

டபுள் வந்தால் (இரண்டு தாள் சேர்ந்து வந்தால்) சக்ஷனை, அதாவது தாளை உறிஞ்சித் தூக்கும் இழுப்பைக் குறை, மிஸ் ஆனால் (தாள் வராவிட்டால்) சக்ஷனைக் கூட்டு. ஆஃப்செட் மிஷினில் தாளை ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பும் ஃபீடர் தகராறு செய்தால் பெரும்பாலான அச்சகங்களில் முதலில் கை போவது இந்த ஒரு வால்வுக்குத்தான். சில நேரம் பலிக்கும். பத்து நிமிடம் ஓடும், அப்புறம் பழையபடி நிற்கும். தாளைப் பிரிப்பது சக்ஷனின் வேலை இல்லை என்பதே காரணம். பிரிப்பது காற்று. ஏற்கெனவே பிரிந்துவிட்ட தாளைத் தூக்கிக்கொண்டு போவது மட்டும்தான் சக்ஷனின் வேலை.

அடுக்கில் இருக்கும் மேல் தாளைச் சட்டென்று தூக்கிப் பாருங்கள். அதற்கும் அடுத்த தாளுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டாகும். ஓரத்திலிருந்து காற்று உள்ளே ஓடிவந்து அந்த இடத்தை நிரப்பாவிட்டால், மேல் தாள் கீழ்த் தாளையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். டபுள் ஷீட்டின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுதான். சக்ஷனைக் குறைத்தால் தூக்கும் வலுதான் குறையும். உள்ளே காற்று போகாது.

இந்த வழிகாட்டியின் வரிசை: தாள், பைல் (தாள் அடுக்கு), காற்று, சக்ஷன், ஃபீட் போர்டு (தாள் ஓடிவரும் பலகை), டபுள் டிடெக்டர் (சேர்ந்து வரும் தாளைக் கண்டுபிடிக்கும் கருவி), லே (தாளை அதன் இடத்தில் நிறுத்தும் தடுப்பு). வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் வேலை செய்கிறது. பைல் கோணலாக இருக்கும்போது காற்றை எப்படித் திருகினாலும், ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடும்.

முதலில், உங்கள் ஃபீடர் எந்த வகை?

தாளை ஒவ்வொன்றாக எடுக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று உராய்வு, இன்னொன்று காற்று.

ஜெராக்ஸ் மிஷினும் ஆபீஸ் பிரிண்டரும் உராய்வு வகை. ரப்பர் ரோலர் மேல் தாளை இழுக்கும். கீழே இருக்கும் ஒரு பட்டையோ, எதிர்த் திசையில் தடுக்கும் இன்னொரு ரோலரோ இரண்டாவது தாளை நிறுத்தி வைக்கும். ரோலருக்கும் தாளுக்கும் இடையே உராய்வு மிக அதிகமாக இருக்க வேண்டும். பட்டைக்கும் தாளுக்கும் இடையே அதைவிடக் குறைவாக. தாளுக்கும் தாளுக்கும் இடையே எல்லாவற்றையும்விடக் குறைவாக. இந்த வரிசை குலையாத வரை ஒரு தாள்தான் போகும். தாள் தூசி படிந்து ரோலர் வழவழத்துப்போனால் மிஸ், பட்டை தேய்ந்துபோனால் டபுள். வங்கியில் உதிரி நோட்டு எண்ணும் சின்ன மிஷினும் இந்த வகைதான். கட்டைப் பிரிக்காமலே எண்ணுகிற உயரமான மிஷின் சக்ஷன் வகை.

அச்சு மிஷினுக்கு உராய்வு ஒத்துவராது. ஒரு பக்கம் அடித்த தாளை மறுபக்கம் அடிக்கப் போடும்போது ரப்பர் ரோலர் மேலே உரசினால் மை தேய்ந்து கறையாகும். அதனால் சக்ஷன். 1914இல் ஜெர்மனியின் லைப்சிக் கண்காட்சியில் வந்த ஹைடல்பெர்க் பிளேட்டன் அச்சு மிஷினில் சக்ஷன் தூக்கிக் கொடுக்கும் தாளை ஒரு கிரிப்பர் கை கவ்வி வாங்கும். அதே நேரத்தில் இன்னொரு கை அடித்த தாளை வெளியே வைக்கும். நம் ஊர் அச்சகங்களில் நம்பரிங், கிரீசிங், டை கட்டிங் வேலைகளுக்கு அந்த மிஷின் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆஃப்செட்டில் இரண்டு விதம் உண்டு. மினி ஆஃப்செட்டில் பெரும்பாலும் ஒரு தாள் போன பிறகு அடுத்த தாள் கிளம்பும். பெரிய மிஷின்களில் ஸ்ட்ரீம் ஃபீடர்: முந்தைய தாள் ஃபீட் போர்டில் இருக்கும்போதே அடுத்த தாள் அதன் அடியில் பாதி நுழைந்து கூடவே வரும். ஏன் இப்படி என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மணிக்கு 10,000 தாள் என்றால் ஒரு தாளுக்குக் கிடைப்பது 0.36 விநாடி. 50 செ.மீ. நீளத் தாளைத் தனித்தனியாக அனுப்பினால் அது விநாடிக்கு கிட்டத்தட்ட 1.4 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து லேயில் மோத வேண்டும். 20 செ.மீ. இடைவெளியில் ஒன்றின் மேல் ஒன்றாக அனுப்பினால் 0.56 மீட்டர் வேகமே போதும். மோதும் வேகம் பாதிக்கும் கீழே வந்துவிடுவதால் ஓரம் நசுங்காது, தாள் பின்னுக்குத் துள்ளாது, ரெஜிஸ்டர் (ஒவ்வொரு தாளிலும் அச்சு ஒரே இடத்தில் விழுவது) பிசகாது.

படி 1: தாளை அளந்து தெரிந்துகொள்ளுங்கள்

ரேப்பரில் அச்சிட்டிருக்கும் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது) எடையைச் சொல்லும், தடிமனைச் சொல்லாது. 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ (பூச்சு இல்லாத சாதாரண அச்சுத்தாள்) ஏறத்தாழ 0.09 மி.மீ. இருக்கும். 130 ஜி.எஸ்.எம். பளபளப்பான பூச்சுள்ள ஆர்ட் பேப்பரும் 0.10 மி.மீ. சுற்றித்தான். எடை கிட்டத்தட்ட இரு மடங்கு, தடிமனோ ஒன்றுக்கொன்று பக்கத்தில். காற்றும் சக்ஷனும் எடையைப் பார்க்கும். டபுள் டிடெக்டரும் லேயும் தடிமனைப் பார்க்கும். இரண்டும் தெரிய வேண்டும்.

எடையைச் சரிபார்க்க ரீமைத் தராசில் வையுங்கள். 500 தாள் ரீமுக்கு, நீளத்தையும் அகலத்தையும் செ.மீ.யில் பெருக்கி, ஜி.எஸ்.எம்.மாலும் பெருக்கி, 20,000ஆல் வகுத்தால் கிலோ வரும். அங்குலத்தில் என்றால் 3,100ஆல் வகுக்க வேண்டும். 58.5×91 செ.மீ., அதாவது 23×36 டபுள் டெம்மி, 70 ஜி.எஸ்.எம். என்றால் 18.6 கிலோ. பேப்பர் கடையில் "பதினெட்டு ஆறு" என்று கேட்பது இதைத்தான். ரேப்பரின் எடையைக் கழித்த பிறகும் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் தாள் வேறு ஜி.எஸ்.எம். ஆக இருக்கலாம், எண்ணிக்கை குறைந்திருக்கலாம், அல்லது தாள் ஈரம் குடித்திருக்கலாம்.

தடிமனுக்கு மைக்ரோமீட்டர். சாதாரண ஸ்க்ரூ மைக்ரோமீட்டரில் ஒரு சுற்றுக்கு அரை மி.மீ., சுற்றில் 50 கோடு, ஆக ஒரு கோட்டுக்கு 0.01 மி.மீ. தாளைப் பொறுத்தவரை அது பெரிய அளவுதான். 0.09இல் ஒரு கோடு பிசகினால் ஒன்பதில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால் ஒரு தாளை அளக்காமல் பத்துத் தாளைச் சேர்த்துப் பிடித்து அளந்து பத்தால் வகுங்கள்.

அளப்பதற்கு முன் இரண்டு முகப்புக்கும் நடுவில் ஒரு சுத்தமான தாளை வைத்து லேசாக மூடி, அதை உருவி எடுங்கள். ஒட்டியிருக்கும் தூசியும் எண்ணெயும் அதோடு வந்துவிடும். பிறகு வெறுமனே மூடி, பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தாளை வைத்த பின் பெரிய உருளையைத் திருகாமல் கடைசியில் இருக்கும் ராட்செட்டை மட்டும் திருகி, அது டிக் டிக் என்று நழுவியதும் நிறுத்துங்கள். தாள் அமுங்கக்கூடிய பொருள். கை அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறினால் அளவும் மாறும். ஆய்வுக்கூடத்தில் ஐ.எஸ்.ஓ. 534 முறைப்படி 100 கிலோபாஸ்கல், அதாவது சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தத்தில் அளப்பது இதற்காகத்தான்.

நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் தடித்திருந்தால் ஆயிரக்கணக்கான தாள் ஏறும்போது பைலே அந்தப் பக்கம் மேடாகிவிடும்.

அடுத்தது வெட்டு ஓரம். பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். கட்டிங் மிஷின் பிளேடு மழுங்கியிருந்தால் வெட்டும்போது ஓரம் நசுங்கி, தாள்கள் ஓரத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கட்டின் ஓரத்தில் கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். தாள் தாளாகச் சரசரவென்று உதிர்ந்தால் நல்லது. பத்து இருபதாகச் சேர்ந்து கட்டியாக நகர்ந்தால் பிளேடு சாணைக்குப் போக வேண்டும். அப்படிப்பட்ட தாளை ஃபீடரில் ஏற்றிவிட்டு எந்த வால்வைத் திருகினாலும் நேரம்தான் வீண்.

கிரெயினையும், அதாவது தாளில் நார் ஓடும் திசையையும் பாருங்கள். தாளை இரு திசையிலும் லேசாக வளைத்தால் எளிதாக வளைகிற திசையில் மடிப்புக் கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. கிரெயினுக்குக் குறுக்கே தாள் ஈரத்தில் அதிகமாக நீளும். பல வண்ண வேலைக்குப் பொதுவாக சிலிண்டருக்கு இணையாகக் கிரெயின் வரும்படி தாளை எடுப்பார்கள்.

படி 2: தாளைப் பக்குவப்படுத்தி ஏற்றுதல்

தாள் ஈரத்தை வாங்கும், விடும். ஆய்வுக்கூடத்தில் தாளைச் சோதிக்கும் முன் ஐ.எஸ்.ஓ. 187 சொல்லும் 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருப்பார்கள். நம் அச்சகங்களில் அந்த அளவு துல்லியம் கிடையாது. ஆனாலும் மிஷின் அறையில் ரேப்பரைப் பிரிக்காமல் ஒரு நாளாவது வைத்திருந்துவிட்டு, ஓட்டும் நேரத்தில் பிரித்தால் பெரிய வித்தியாசம் தெரியும். பிரித்துப்போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவது கூடவே கூடாது. ஈரக் காற்றில் ஓரம் மட்டும் நீண்டு அலை அடிக்கும். வறண்ட காற்றில் ஓரம் மட்டும் சுருங்கி நடுப்பகுதி உப்பும். இரண்டிலும் சக்கர் (தாளை உறிஞ்சிப் பிடிக்கும் வாய்) தாளைச் சமமாகத் தொடாது.

சிவகாசிக்காரர்களுக்கு இந்த இரண்டும் அத்துப்படி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கைகொடுத்த அதே வறண்ட வானிலை, கோடையில் தாளுக்கு ஸ்டேடிக்கை (நிலை மின்சாரத்தை) கொண்டுவரும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிந்து வராது. காலண்டர் வேலை மும்முரமாக ஓடும் ஐப்பசி, கார்த்திகையிலோ வடகிழக்குப் பருவமழை. ஒரே ஃபீடர் செட்டிங்கை வைத்துக்கொண்டு இரண்டு காலத்திலும் ஓட்ட முடியாது. கோடையில் தரையில் தண்ணீர் தெளித்து வைப்பதும், மிஷின் உடம்புக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும், வசதி இருந்தால் அயனைசர் பட்டை மாட்டுவதும் ஸ்டேடிக்கைக் குறைக்கும்.

ஏற்றும்போது தாளை விசிற வேண்டும். கையில் அடங்குகிற கட்டை எடுத்து இரு மூலைகளையும் பிடித்து, மேல்பக்கம் முன்னும் கீழ்ப்பக்கம் பின்னும் வழுக்கும்படி வளைத்து, அந்த வளைவோடேயே இறுக்கிப் பிடித்து நிமிர்த்தினால் தாள்களுக்கு நடுவே காற்று புகுந்து கட்டு உப்பும். பிறகு சமமான பலகையில் இரு ஓரத்தையும் தட்டி நேராக்கி ஏற்றுங்கள். நான்கு பக்கமும் இதைச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விசிறினால் மறுபக்கம் ஒட்டியே இருக்கும்.

தாளில் கிரிப்பர் கவ்வும் ஓரம் எது, பக்கவாட்டுத் தடுப்பான சைடு லேயில் நிற்கும் ஓரம் எது என்று கட்டிங்கிலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். வேலை முடியும்வரை அந்த இரண்டு ஓரமும் மாறக் கூடாது. ஒரே ரீமில் பாதியைத் திருப்பிப் போட்டுவிட்டு ரெஜிஸ்டர் ஓடுகிறது என்று அச்சு பிளேட்டை நகர்த்திக்கொண்டிருந்தால் அந்த வேலை தேறாது.

படி 3: பைல் நிற்கும் இடமும் உயரமும்

பைல் பலகையின் நடுக்கோடும் மிஷினின் நடுக்கோடும் பொருந்த வையுங்கள். பின்பு சைடு லே இழுக்கும் திசைக்கு எதிரே சில மி.மீ. தள்ளுங்கள், லே இழுப்பதற்கு இடம் வேண்டும். முன் தடுப்பில் தாள் ஒட்டி நிற்க வேண்டும். பக்கத் தடுப்புகள் தொடாமல் தொட்டுக்கொண்டு நிற்கட்டும். அழுத்தினால் மேல் தாள்கள் மேலெழும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

மேல் தாளின் மட்டம் முன் தடுப்பின் விளிம்புக்குச் சில மி.மீ. கீழே இருக்க வேண்டும். மெல்லிய தாளுக்குச் சற்றுத் தாழ்வாக, அட்டைக்குச் சற்று உயரமாக. மெல்லிய தாள் காற்றில் மிதந்து எழும்பும், அதற்கு இடம் வேண்டும். அட்டை அவ்வளவு எழும்பாது, சக்கருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இந்த உயரத்தை மிஷின் தானே அளந்துகொள்கிறது. ஸ்ட்ரீம் ஃபீடரில் பின்பக்கம் ஒரு பாதம் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு முறை பைல் மேல் இறங்கி எழும். தாள் குறையக் குறைய அந்தப் பாதம் இன்னும் கொஞ்சம் கீழே போய்த் தொடும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் பைலைத் தூக்கும் ஹாய்ஸ்ட்டுக்குச் சைகை போய் பைல் ஒரு சொட்டு ஏறும். பைல் ஒரே நேரத்தில் நிறைய ஏறி, பிறகு நீண்ட நேரம் ஏறாமல் நின்றால் இந்த இணைப்பில் தளர்வு இருக்கிறது. நல்ல செட்டிங்கில் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

பைல் மேல்பரப்பு குழிந்தோ வளைந்தோ இருந்தால் மரக் குச்சி, அட்டைத் துண்டுகளைத் தாழ்ந்த இடத்தில் ஓரமாகச் செருகி மட்டப்படுத்துங்கள். மேல் தாள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பைல் கீழே இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். ஓடுகிற ஃபீடர் தலைக்குக் கீழே கையை விட்டு ஆப்பு செருகுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். விரல் போகும். மிஷினை நிறுத்தி, பட்டனை லாக் செய்துவிட்டுத்தான் கையை விட வேண்டும்.

படி 4: காற்று

சக்ஷனை முழுக்க அடைத்துவிட்டுக் காற்றை மட்டும் திறந்து மிஷினை மெதுவாக ஓட்டுங்கள். பைலைப் பக்கவாட்டிலிருந்து, கண்ணைத் தாள் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். மேலே உள்ள எட்டுப் பத்துத் தாள்கள் ஒன்றுக்கொன்று மெல்லிய இடைவெளி விட்டு, சீட்டுக்கட்டை விரித்துப் பிடித்த மாதிரி நிற்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளவை அசையக் கூடாது.

முப்பது நாற்பது தாள் எழும்பினால் காற்று அதிகம், அல்லது காற்று ஊதும் குழாய் கீழே இறங்கியிருக்கிறது. மேல் தாள் ஒன்று மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டால் குழாய் மேலே ஏறியிருக்கிறது. காற்று தாளுக்கு மேலேயே போகிறது. இடது பக்கம் நன்றாக எழும்பி வலது பக்கம் எழும்பாவிட்டால் வலது குழாயின் துளையில் தூசி அடைத்திருக்கும். ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். வால்வைத் திருகி ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

எழும்பும் தாள்களை மேலே ஒரு அளவோடு நிறுத்துவது பின் ஓரத்தில் இருக்கும் ஸ்பிரிங் தகடும் பிரஷும். தகடு தாளுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அளவு மிகச் சிறியதாக இருந்தால் இரண்டாவது தாள் தப்பி வரும். அதிகமாக இருந்தால் முதல் தாளே வராது, வந்தாலும் ஓரம் கிழியும். மெல்லிய தாளுக்கு மெல்லிய தகடு, நடுத்தரத்துக்குத் தடித்த தகடு. கனமான அட்டைக்குத் தகட்டையே விலக்கிவிடலாம்.

இப்போது மறுபடி அந்தப் பாதம். உயரம் பார்ப்பது அதன் துணை வேலைதான். பின் சக்கர்கள் மேல் தாளின் வால் பகுதியைத் தூக்கியதும் பாதம் அதற்கு அடியில் நுழைந்து இரண்டாவது தாளின் மேல் ஏறி நிற்கும். நின்றபடியே தன் வாயிலிருந்து காற்றை ஊதும். இரண்டாவது தாள் பாதத்தின் எடையில் அசையாது. ஊதிய காற்று முதல் தாளின் அடியில் முன் ஓரம்வரை பரவி அதை மிதக்கவிடும். அந்த மிதப்பில்தான் முன்னே கொண்டுபோகும் சக்கர்கள் தாளை அலுங்காமல் ஃபீட் போர்டுக்குக் கொடுக்கின்றன. பாதத்தின் காற்று குறைந்தால் தாளின் நடுப்பகுதி கீழே உரசிக்கொண்டு போகும். போகும்போது இரண்டாவது தாளையும் சில மி.மீ. நகர்த்தும். அடுத்த தாள் கோணலாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த நகர்வுதான். லேயில் பழி போடுவதற்கு முன் பாதத்தைப் பாருங்கள்.

ஆர்ட் பேப்பருக்குக் காற்று அதிகம் தேவை. அதன் முகம் வழவழப்பு. இரண்டு தாள் முகத்தோடு முகம் படிந்தால் நடுவே காற்றே இருக்காது. மேப்லித்தோ சொரசொரப்பானது, தானாகவே கொஞ்சம் காற்றை வைத்திருக்கும்.

படி 5: சக்ஷன்

காற்று சரியான பிறகு சக்ஷனைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாகத் திறந்துகொண்டே வாருங்கள். தாள் தவறாமல் எழும்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் திறந்து விட்டுவிடுங்கள். அவ்வளவு போதும்.

சக்கர் பைலைக் குத்தக் கூடாது. காற்றில் எழும்பிய தாள் தானே மேலேறி சக்கரில் ஒட்ட வேண்டும். மிஷினைக் கையால் சுழற்றிப் பாருங்கள்: சக்கர் அதன் கடைசித் தாழ்வுக்கு வரும்போது தாளுக்கும் அதற்கும் நடுவில் சிறு இடைவெளி தெரிய வேண்டும். எல்லாச் சக்கரும் ஒரே நேரத்தில் தாளைப் பிடிக்க வேண்டும். ஒன்று முந்தினால் தாள் அந்தப் பக்கம் திரும்பும்.

மெல்லிய மேப்லித்தோவில் சக்ஷனைக் கூட்டினால் ஏன் டபுள் வருகிறது? அந்தத் தாள் காற்றைத் தன்னூடே விடும். சக்கர் பலமாக இழுத்தால் முதல் தாளின் நுண்துளைகள் வழியாக இரண்டாவது தாளையும் இழுக்கும். அதற்குச் சின்ன வாய் உள்ள சக்கர், ரப்பர் வளையம் இல்லாமல், குறைந்த சக்ஷன். அட்டைக்குப் பெரிய ரப்பர் வளையம், கூடுதல் சக்ஷன். ரப்பர் வெடித்திருந்தாலோ விறைத்துப்போயிருந்தாலோ மாற்றிவிடுங்கள். விலை மலிவு, அதில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை. மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால்தான் இழுப்பு சமமாக இருக்கும்.

படி 6: ஃபீட் போர்டு

இங்கே விதி ஒன்றுதான்: தாள் முன் லேயைத் தொடும் நேரத்தில் அதைத் தள்ளும் சக்கரங்கள் எதுவும் அதன் மேல் அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. மிஷினைக் கையால் சுழற்றி ஒரு தாளை லேயில் நிறுத்துங்கள். அந்த நிலையில் உருளும் சக்கரங்கள் தாளின் வாலைத் தாண்டி ஓரிரு மி.மீ. பின்னே இருக்க வேண்டும். பிரஷ் சக்கரம் மட்டும் வால் ஓரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டு, தாள் பின்னுக்குத் துள்ளாமல் பார்த்துக்கொள்ளும். தாளைக் கொண்டுவரும் நாடாக்கள் எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருக்கட்டும். இடது வலது சக்கர அழுத்தமும் சமமாக இருக்கட்டும்.

படி 7: டபுள் டிடெக்டர்

ஃபீடரில் உண்மையிலேயே அளக்கும் கருவி இது. ஆனால் பலர் இதை "சும்மா சும்மா நிற்கிறது" என்று தளர்த்தி விட்டுவிடுகிறார்கள். தளர்த்திய டிடெக்டர் வழியாக ஐந்தாறு தாள் சேர்ந்து உள்ளே போனால் பிளாங்கெட் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) அமுங்கிக் கெடும். பிளாங்கெட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிஷின் நிற்பது பெரிய விஷயமே இல்லை.

மெக்கானிக்கல் டிடெக்டர் எளிய பொருள். சுழலும் ஒரு உருளைக்கு மேலே ஒரு சின்ன சக்கரம், நடுவில் இடைவெளி. அளவான தாள் போனால் மேல் சக்கரம் அசையாது. தடிமன் கூடினால் அது தாளோடு சேர்ந்து சுழன்று சுவிட்சைத் தட்டும், ஃபீடர் நின்றுவிடும்.

தனித்தனியாகத் தாள் போகும் மிஷினில் செட் செய்வது எளிது. ஓட்டப்போகும் அதே தாளில் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டு போக வேண்டும், இரண்டு சேர்ந்தால் தட்ட வேண்டும். 0.09 மி.மீ. தாள் என்றால் இடைவெளி 0.09க்கும் 0.18க்கும் நடுவில்.

ஸ்ட்ரீம் ஃபீடரில் யோசிக்க வேண்டும். தாளின் நீளம் 52 செ.மீ., ஒவ்வொரு தாளும் 20 செ.மீ. தள்ளி வருகிறது என்று வையுங்கள். 52ஐ 20ஆல் வகுத்தால் 2.6. அப்படியென்றால் டிடெக்டருக்கு அடியில் ஒரு நேரம் இரண்டு தாள், ஒரு நேரம் மூன்று தாள் இருக்கும். இரண்டுக்கு செட் செய்தால் நல்ல தாளுக்கே நிற்கும். மூன்று துண்டு போக வேண்டும், நான்கு துண்டு தட்ட வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது: தனித்தாளில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் இரு மடங்கு. ஸ்ட்ரீமில் மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான். உருளையில் ஒட்டிய ஸ்பிரே பவுடரோ (அடித்த தாள்கள் ஒட்டாமலிருக்கத் தூவுவது) காய்ந்த மையோ இந்தச் சின்ன வித்தியாசத்தைத் தின்றுவிடும். ஆகவே செட் செய்யும் முன் உருளையைத் துடைத்து, கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தாளின் அளவு மாறினால், ஜி.எஸ்.எம். அதுவே என்றாலும், மறுபடி எண்ணிச் செட் செய்ய வேண்டும். நீளம் மாறினால் அடியில் இருக்கும் தாளின் எண்ணிக்கை மாறுமே.

புதிய மிஷின்களில் அல்ட்ராசோனிக் டிடெக்டர் வருகிறது. ஒரு பக்கத்திலிருந்து ஒலியை அனுப்பி மறுபக்கம் வாங்கும். இரண்டு தாள் நடுவே இருக்கும் மெல்லிய காற்றுப் படலம் ஒலியை வெகுவாக மறித்துவிடும். தாளின் நிறமோ அதன் மேல் அடித்திருக்கும் மையோ இதைக் குழப்பாது. ஒளியை வைத்துப் பார்க்கும் டிடெக்டர்களுக்கு அந்தச் சிக்கல் உண்டு: ஏற்கெனவே ஒரு பக்கம் கறுப்பாக அடித்த தாளை டபுள் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் மறுபக்கம் அடிக்கும்போது அடித்த தாளையே காட்டி மறுபடி செட் செய்ய வேண்டும்.

படி 8: லே

ஒரு தாளை ஒரே இடத்தில் நிறுத்த மூன்று புள்ளி போதும். முன் ஓரத்தில் இரண்டு, பக்க ஓரத்தில் ஒன்று. முன் லேக்கள் இரண்டையும் நடுவில் நெருக்கி வைக்காமல் இரு பக்கமும் தள்ளி வையுங்கள், தாள் ஆடாது. லேயின் மேல் மூடித் தகடு தாள் தாராளமாக நுழையும் அளவு திறந்திருக்க வேண்டும், நெளிந்து உயரும் அளவு திறந்திருக்கக் கூடாது. மிஷின் மேனுவலில் இந்த இடைவெளிக்கு எத்தனை துண்டு தாள் என்று போட்டிருப்பார்கள். அதைப் பின்பற்றுங்கள்.

சைடு லே தாளை ஏறத்தாழ 5 மி.மீ. இழுக்கும்படி இருந்தால் நல்லது. இழுக்கவே இடமில்லாமல் தாள் ஒட்டி வந்தாலும் தவறு, அதிகம் இழுக்க வேண்டியிருந்து நேரம் போதாமல் நின்றாலும் தவறு. மறுபக்கம் அடிக்கத் தாளைப் பக்கவாட்டில் திருப்பினால் கிரிப்பர் ஓரம் அதுவே இருக்கும், பக்க ஓரம் எதிர்ப்பக்கம் போகும். அப்போது சைடு லேயையும் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். முன்பின்னாகத் திருப்பினால் கிரிப்பர் ஓரமே மாறிவிடும். தாளின் நான்கு மூலையும் செங்கோணமாக வெட்டியிருந்தால் மட்டுமே அந்த முறை ஒத்துவரும்.

லே ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஓடும்போதே பார்க்க நல்ல வழி உண்டு. பிளேட்டில் சைடு லே ஓரத்தைத் தொட்டு வெளியே போகிற மாதிரி ஒரு சின்னக் கோடு வையுங்கள். அடித்து வெளியே வந்த தாள் அடுக்கான டெலிவரி பைலைப் பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து நேர்க்கோடாகத் தெரியும். எந்தத் தாளில் லே பிடிக்கவில்லையோ அங்கே கோடு விட்டுப்போயிருக்கும். ஆயிரம் தாளையும் புரட்ட வேண்டியதில்லை. விட்ட இடத்தில் சீட்டுச் செருகிவைத்து அப்புறம் பிரித்து எடுத்துவிடலாம்.

ரெஜிஸ்டரைச் சோதிக்க, ஐம்பது தாளை ஒரு முறை அடித்து, எதையும் மாற்றாமல் அதே தாள்களை அதே பிளேட்டில் இன்னொரு முறை ஓட்டுங்கள். ரெஜிஸ்டர் கூட்டல் குறி லென்சில் ஒரே கோடாகத் தெரிந்தால் ஃபீடரும் லேயும் நன்றாக இருக்கின்றன. இரட்டைக் கோடாகத் தெரிந்தால் அது எந்தத் திசையில் விலகுகிறது என்று பாருங்கள். தாள் ஓடும் திசையில் என்றால் முன் லே அல்லது ஃபீட் போர்டு சக்கரம். பக்கவாட்டில் என்றால் சைடு லே.

ஓடத் தொடங்கிய பிறகு

மெதுவான வேகத்தில் செட் செய்ததை முழு வேகத்தில் மறுபடி பார்க்க வேண்டும். வேகம் கூடினால் காற்று வேலை செய்யக் கிடைக்கும் நேரம் குறையும். கொஞ்சம் கூட்ட வேண்டிவரும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இருபது முப்பது தாள் ஓடவிட்டுப் பாருங்கள். மூன்று வால்வைச் சேர்த்துத் திருகினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

டபுள் தொடர்ந்து வந்தால் முதலில் வெட்டு ஓரம், பிறகு விசிறியது போதுமா, பிறகு காற்று, பிறகு ஸ்பிரிங் தகடு, கடைசியில் சக்ஷன். மிஸ் ஆனால் முதலில் பைல் உயரம், பிறகு காற்று, பிறகு சக்கர் ரப்பர், கடைசியில் சக்ஷன். ஒரே பக்கம் தாள் பிந்தி வந்தால் அந்தப் பக்க நாடாவையும் சக்கரத்தையும் பாருங்கள். முன் மூலை மடங்கினால் காற்று அதிகம், அல்லது முன் தடுப்பு தாமதமாகச் சாய்கிறது. டபுள் எப்போதும் பைலின் ஒரே மட்டத்தில், ரீமுக்கு ரீம் நடுவில் வந்தால் அது ஏற்றிய விதத்தில் உள்ள குறை; கட்டுகள் சேரும் இடத்தில் விசிறாமல் விட்டிருக்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் காற்றும் சக்ஷனும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் பம்ப்பைப் பாருங்கள். பல மிஷின்களில் ஒரே பம்ப்தான் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் ஊதுகிறது. அதனால் ஃபில்டர் அடைத்தால் இரண்டும் சேர்ந்து குறையும். தாள் தூசியும் ஸ்பிரே பவுடரும் அதில்தான் போய் அடைகின்றன. வாரம் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கார்பன் தகடு உள்ள உலர் பம்ப்பாக இருந்தால் அதன் உள்ளே எண்ணெய் விடக் கூடாது. கார்பன் தூளோடு சேர்ந்து பசையாகித் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். பம்ப்பிலிருந்து ஃபீடர் தலைக்குப் போகும் ரப்பர் குழாய்களை வளைத்துப் பார்த்து, வெடிப்பு இருக்கும் குழாயை மாற்றிவிட்டு, வால்வுகளைப் படி 4இலிருந்து மறுபடி செட் செய்யுங்கள். பழைய குழாய் கசிந்த காலத்தில் வைத்த அளவு புதிய குழாய்க்கு அதிகமாகிவிடும்.